நேற்று யார் ஆக்கிய சோறு?

செண்பகவல்லி யார் வீட்டு வாசலில் போய் நின்றாலும் முதல் காரியமாகச் செருப்பைக் கழற்றிவிடுவாள். உள்ளே கூப்பிடுவார்களா மாட்டார்களா என்று தெரியாது. ஆனாலும் கழற்றிவிடுவாள். வெறுங்காலோடு நிற்கிறவளைப் பார்த்துப் போ என்று சொல்ல யாருக்கும் வாய் வராது என்பது அவள் நம்பிக்கை. அட்டையைக் காட்டுவது, டேப்லெட்டை எடுப்பது, அரசாங்கக் கணக்கெடுப்பு என்று விளக்குவது எல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஒப்பந்த வேலை. பம்பாயில் தாராவி, மாட்டுங்கா, செம்பூர் என்று சாம்பிளில் எந்த இடம் விழுகிறதோ அங்கே போக வேண்டும். ஒரு வருஷம் குடும்பங்களைக் கேட்பார்கள்: என்ன சாப்பிடுகிறீர்கள், எதற்குச் செலவு செய்கிறீர்கள், யார் வேலைக்குப் போகிறார்கள். இன்னொரு வருஷம் பதிவு இல்லாத சின்னத் தொழில்களைக் கேட்பார்கள். இரண்டிலும் அவள் போனாள். தபால் வழியில் பி.ஏ. முடித்ததிலிருந்து சாகும் வரை அவள் செய்தது அந்த ஒரே வேலை.

போன ஆடியில், நல்ல மழை நாளில், ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் டாக்ஸியிலேயே இறந்துபோனாள். இதயம். அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை. அதற்கு முந்தைய வருஷம் அவள் வீட்டில் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

அதற்கு முன் அவள் வேலை செய்த விதம். கணக்கெடுப்பில் குடும்பம் என்றால் ரத்த உறவு அல்ல, ரேஷன் அட்டை அல்ல. வழக்கமாக ஒன்றாக இருந்து ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள் ஒரு குடும்பம். அவ்வளவுதான் விதி. ஆனால் கீழே ஓர் அறை, இரும்பு ஏணி ஏறினால் மேலே ஓர் அறை என்றிருக்கும் தாராவி வீடுகளில் “எத்தனை குடும்பம்?” என்று கேட்டால் ஒழுங்கான பதில் வராது. சண்டை போட்டிருந்தால் இரண்டு என்பார்கள். விருந்தாளி வந்திருந்தால் அவரையும் சேர்ப்பார்கள். செண்பகவல்லி அப்படிக் கேட்க மாட்டாள். “நேத்து ராத்திரி யாரு ஆக்குன சோறு சாப்பிட்டிய?” என்பாள். இந்திக்காரர்களிடம் அதையே இந்தியில். இதற்குப் பொய் சொல்ல யாருக்கும் தோன்றாது. யோசிக்காமல் சொல்லிவிடுவார்கள்.

தொழில் கணக்கெடுப்பில் பாடு வேறு மாதிரி. செம்பூரில் சுப்புலக்ஷ்மி மாமி என்று ஒருவர். பாலக்காட்டுக்காரர். வீடு முழுக்கப் பருப்புப்பொடி வாசனை. தராசு, பாலிதீன் பைகள், பெயர் அச்சடித்த லேபிள் கட்டு எல்லாம் கண்ணெதிரே கிடந்தன.

“பிசினஸா? அதெல்லாம் எங்காத்துல ஏது? நான் சும்மாதான் இருக்கேன்” என்றார் மாமி.

“இந்தப் பொடி, மாமி?”

“அது சும்மா நாலு பேருக்குப் பண்ணித் தரேன்.”

“எந்த நாலு பேரு?”

“இந்தக் காலனி. அப்புறம் அணுசக்தி நகர்லேர்ந்து சில பேர். ஐரோலிக்கு ஒரு பொண்ணு வாங்கிண்டு போறா.” மாமி நிறுத்தி, குரலைத் தாழ்த்தினார். “இதெல்லாம் எழுதறேளா? டாக்ஸ்காரா வந்துடுவாளோன்னோ?”

“உங்க பேரு வெளிய வராது மாமி. பேரு, விலாசம் எல்லாத்தையும் எடுத்துட்டு நம்பரை மட்டுந்தான் வெளிய விடுவாங்க.”

இதை அவள் எத்தனை வாசலில் சொல்லியிருப்பாள் என்று தெரியாது. சொன்னாளே தவிர, அந்த நம்பர்கள் வெளியே எப்படி இருக்கும் என்று அவளே பார்த்ததில்லை. மகள் ஷாலினிக்கு ஐரோலியில் கம்ப்யூட்டர் வேலை. ஒருநாள் அந்தக் கணக்கெடுப்பின் தரவு பொதுப் பயன்பாட்டுக்கு வெளியானபோது லேப்டாப்பில் இறக்கிக் காட்டினாள். செண்பகவல்லி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். திரை முழுக்க எண்கள்.

“இதுல அந்தப் பொடி மாமி எங்கட்டி?”

“தெரியாதும்மா.”

“உனக்குமா தெரியாது?”

“யாருக்கும் தெரியக் கூடாதுன்னுதான் இப்படிக் குடுத்திருக்காங்க.”

செண்பகவல்லி இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தாள். “அப்ப நான் வாசல்ல நின்னு சொன்னது பொய் இல்ல” என்று எழுந்து டீ போடப் போனாள். அன்று முழுக்க நல்ல மனநிலையில் இருந்தாள்.

பொய் விஷயத்தில் அவள் அப்படித்தான். சாமிக்குப் பயந்து அல்ல. ஒரு வீட்டில் தப்பாக எழுதினால் அந்த வீடு ஆயிரம் வீட்டுக்குப் பதிலாக நிற்கிறது, ஆயிரம் தப்பு என்பாள்.

தொண்ணூறு அடி ரோட்டிலிருந்து பிரிந்து உள்ளே போகும் ஒரு சந்தில் அவர்கள் வீடு. கீழே செண்பகவல்லி, கணவர் நயினார், ஷாலினி. நயினார் பை தைக்கும் பட்டறையில் கட்டிங் மாஸ்டர். மேலே அவர் தம்பி சுடலைக்கண்ணன், அவன் மனைவி மாலதி, இரண்டு பெண் குழந்தைகள். சுடலைக்கண்ணன் டெம்போ ஓட்டுகிறான். தாராவியில் துணி ஏற்றி உல்லாஸ்நகரில் இறக்குவான். மாலதி மேலே உட்கார்ந்து சந்துக்கே ப்ளவுஸ் தைப்பாள். ஏழு பேருக்கும் கீழே ஒரே அடுப்பு. காலையில் மாலதி ஆக்குவாள், சாயங்காலம் செண்பகவல்லி. ஏழு பேரும் ஒன்றாக உட்கார இடம் கிடையாது, பந்தி பந்தியாகத்தான் சாப்பாடு.

ஓரகத்திகள் இருவருக்கும் வாய் சும்மா இருக்காது. “அக்கா ஊரு வீட்டுச் சோத்தையெல்லாம் விசாரிச்சிட்டு வாறாவ, நம்ம வீட்டுக் குழம்புல உப்பு போட மறந்துட்டாவ” என்பாள் மாலதி. “உனக்கு உப்பு எதுக்குட்டி? உன் வாயே போதும்” என்பாள் செண்பகவல்லி. மாலதி கல்யாணமாகி வந்தபோது பம்பாயில் ஒரு திசை தெரியாது. லோக்கல் ரயிலில் அவளைக் கையைப் பிடித்து ஏற்றி இறக்கியது செண்பகவல்லிதான். அவளுக்குத் தையல் மெஷின் வாங்கிக் கொடுக்கச் சொல்லி மைத்துனனிடம் சண்டை போட்டதும் அவள்தான்.

அந்த வருஷம் அவர்கள் சந்தே சாம்பிளில் விழுந்தது.

செண்பகவல்லிக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை காலம் சந்தில் எல்லாரும் கேட்பார்கள், ஊரெல்லாம் போறியே, நம்ம வீட்டுக்கு ஏன் வரல என்று. ரத்தம் சோதிக்க உடம்பு ரத்தத்தையெல்லாமா எடுக்கிறார்கள், ஊசி எங்கே குத்துகிறதோ அங்கேதான் என்று விளக்கிவிளக்கி அவளுக்கு அலுத்துப்போயிருந்தது. இப்போது ஊசி இங்கே. சொந்தச் சந்தில் அவளே கேட்கக் கூடாது. கூட வேலை செய்யும் ஃபர்ஸானாவை அனுப்புவதாக மேற்பார்வையாளர் கிட்டு சார் சொல்லிவிட்டார். “உங்காத்துக் கதையெல்லாம் வெளில வரப்போறது, தயாரா இருங்கோ” என்று கேலி வேறு.

நேரம்தான் சரியில்லை. குடிசைகளை இடித்து வீடு கட்டித் தரப்போகிறார்கள் என்று தாராவி முழுக்கப் பேச்சாக இருந்த சமயம். அதற்கு வேறு ஆட்கள், வேறு கணக்கு. ஆனால் டேப்லெட்டோடு யார் வந்தாலும் சந்துக்காரர்களுக்கு வீடு கொடுக்க வந்தவர்கள்தான். பாத்திரக்கடை பூலோகம் ஒரு புரளியைக் கிளப்பிவிட்டார்: வீட்டில் எத்தனை அடுப்போ அத்தனை வீடு கிடைக்கும். புரளி கிளம்பிய வாரமே அவர் கடையில் ஒற்றை பர்னர் அடுப்பெல்லாம் விற்றுத் தீர்ந்தது. மாமியாரும் மருமகளும் எதிரெதிர் மூலையில் உட்கார்ந்து தனித்தனியாகப் பருப்பு வேகவைத்தார்கள். ஒரு வீட்டில் கணவனும் மனைவியுமே தனித்தனி அடுப்பு வைத்து, பிறகு அது எடுபடாது என்று கேள்விப்பட்டு ஒன்றைத் திருப்பிக் கொடுக்கப் போனார்கள். பூலோகம் வாங்கவில்லை.

ஒரு சாயங்காலம் சுடலைக்கண்ணன் ஏணியிலிருந்து இறங்கி வந்து அண்ணிக்கு எதிரே உட்கார்ந்தான்.

“மதினி, உங்க ஆளுகதான வாறாவ. ரெண்டு குடும்பம்னு ஒரு வார்த்த சொல்லிருங்க.”

“தம்பி, இது வீடு குடுக்கற கணக்கு இல்ல. இதுல பேரே கிடையாது. பேரு இல்லாம யாருக்கு வீடு குடுப்பாங்க?”

“நீங்க அப்படித்தான் சொல்லுவிய.”

“பின்ன எப்படிச் சொல்லணும்?”

“பத்திரம் அண்ணன் பேருல. எது வந்தாலும் அண்ணனுக்கு வரும். உங்களுக்கென்ன மதினி?”

நயினார் கையிலிருந்த டீ டம்ளரைக் கீழே வைத்தார். “ஏலே, யாரப் பாத்து என்ன பேசுத?”

சுடலைக்கண்ணன் தலையைக் குனிந்துகொண்டான். ஆனால் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. செண்பகவல்லி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். நறுக்கிக்கொண்டே இருந்தாள். குழம்புக்கு வேண்டியதைவிட அதிகமாகிவிட்டது.

மாலதிதான் பேச்சை முறித்தாள். ஏணியின் பாதியில் நின்றுகொண்டு, “அக்காவப் பொய் சொல்லச் சொல்லாதிய. அவியளால ஆகாது” என்றாள். “நாங்க மேலயே ஆக்கிக்கிடுதோம். அப்பப் பொய் இல்லல்லா, அக்கா?”

உண்மையிலேயே செண்பகவல்லிக்கு உதவி செய்வதாக நினைத்துத்தான் சொன்னாள். முகத்தில் அந்தத் தெளிவு இருந்தது. விதிப்படி மாலதி சொன்னது சரி.

மறுநாள் மேலே அடுப்பு வந்தது.

அந்த நாட்கள் வீட்டில் யாருக்கும் சரியாக ஓடவில்லை. செண்பகவல்லி பழக்கத்தில் ஏழு பேருக்கு அரிசி போட்டுவிட்டுப் பிறகு கையால் அள்ளி எடுத்தாள். நயினார் யாரோடும் பேசாமல் சாப்பிட்டார். மாலதியின் சின்னவள் மேலே சாப்பிட்டுவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு கீழே வந்து பெரியம்மாவின் தட்டுக்கு எதிரே உட்கார்ந்துகொள்வாள். அவளுக்கு இது புது ஏற்பாடு, இரண்டு தடவை சாப்பாடு. ஒருநாள் செண்பகவல்லி நெத்திலிக் குழம்பு வைத்துத் தூக்குவாளியில் ஊற்றி ஷாலினியிடம் கொடுத்து மேலே அனுப்பினாள். மாலதிக்கு நெத்திலி என்றால் உயிர். தூக்கு அப்படியே திரும்பி வந்தது.

“கணக்கெடுத்து முடியட்டும்க்கா” என்று மேலேயிருந்து குரல் மட்டும் வந்தது. “அதுக்குள்ள குழம்பு வந்தா கணக்கு கெட்டுரும்.”

செண்பகவல்லி சிரிக்கத்தான் பார்த்தாள். முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஃபர்ஸானா வந்தாள். குர்லாவில் இருக்கிற பெண். அவள் குடும்பமும் தெற்கேயிருந்து வந்ததுதான், தமிழ் பேசுவாள், எழுத்து மட்டும் தெரியாது. செண்பகவல்லி நல்ல சேலை கட்டி, தலை வாரி, வெளியாளை வரவேற்பதுபோல வாசலில் நின்றாள்.

“அக்கா, உங்ககிட்டயே கேக்கணுமா? ஒரு மாதிரி இருக்கு.”

“எல்லார்கிட்டயும் கேக்குற மாதிரிக் கேளு. சலுகையெல்லாம் வேண்டாம்.”

ஃபர்ஸானா ஏணியைப் பார்த்தாள். மேலே குக்கர் விசில் அடித்தது. “வீட்டுல எத்தன அடுப்பு?”

“ரெண்டு.”

“வழக்கமாவே ரெண்டா, இல்ல இப்பத்தானா?”

இந்தக் கேள்வியில்தான் எல்லாம் இருந்தது. நாலு நாள் கோபத்தில் தனியாகச் சமைத்தால் அது கணக்கில் வராது. வழக்கம் எது என்பதுதான் கேள்வி. அதைச் செண்பகவல்லி தனியாகச் சொல்ல முடியாது. அண்ணாந்து கேட்டாள்:

“ஏட்டி மாலதி, இது எத்தன நாளைக்கு?”

மாலதி வாயைத் திறக்குமுன் சுடலைக்கண்ணன் சொன்னான். “இனி இப்படித்தான், மதினி.”

செண்பகவல்லி மாலதியைப் பார்த்தாள். மாலதி ஏணிக் கம்பியைப் பார்த்தாள்.

“ரெண்டு குடும்பம். எழுதிக்கோ” என்றாள் செண்பகவல்லி.

“கீழ எத்தன பேரு?”

“மூணு.”

நயினார், செண்பகவல்லி, ஷாலினி. ஃபர்ஸானா டேப்லெட்டில் தட்டிக்கொண்டாள். “வேற யாரும் உண்டா அக்கா?”

“இல்ல.”

ஏணியின் உச்சியில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்த சின்னவள் அதைக் கேட்டாள். “பெரியம்மா, என்னய விட்டுட்டிய!” என்று கத்தினாள். “நான் இங்க இருக்கேன்!”

செண்பகவல்லி டேப்லெட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். தான் இருப்பது பெரியம்மாவுக்குத் தெரியவில்லை போல என்று நினைத்து அவள் காலை ஆட்டிக் காட்டினாள். மாலதி அவளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். ஃபர்ஸானா மேலே போய் மீதியைக் கேட்டு முடித்துவிட்டு, டீகூடக் குடிக்காமல் கிளம்பினாள்.

சாயங்காலம் மாலதி மேல் அடுப்பில் ஆக்கிய சோற்றுப் பானையோடு இறங்கி வந்தாள். கண் சிவந்திருந்தது. பின்னால் சுடலைக்கண்ணன், குழந்தைகள்.

“எழுதியாச்சுல்லா மதினி” என்றான் சுடலைக்கண்ணன். பல நாளுக்குப் பிறகு சிரித்தான். “இனி எங்க சாப்பிட்டா என்ன? அந்த நெத்திலி மறுபடி எப்ப?”

எல்லாருக்கும் முகம் மலர்ந்தது. நயினார்கூடப் பாயை விரிக்க எழுந்தார். செண்பகவல்லி மட்டும் நின்ற இடத்திலேயே நின்றாள். சின்னவள் அவள் காலைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

“அப்ப ஃபர்ஸானா எழுதினது பொய்” என்றாள்.

“எப்படிப் பொய்யாகும்? அவ கேக்கும்போது ரெண்டு.”

“வழக்கம் என்னன்னுதான் கேட்டா. இனி இப்படித்தான்னு நீங்கதான் சொன்னிய. நான் மறுபடி கேக்கச் சொல்லணும்.”

சுடலைக்கண்ணனின் சிரிப்பு போய்விட்டது. “ஊருல ஒருத்தன் இப்படிச் செய்வானா? சொந்த வீட்டுக்கே குழி பறிக்கிய. நீங்க ஃபோன் பண்ணினா நாங்க மறுபடி கீழ வர மாட்டோம் மதினி. சொல்லிட்டேன்.”

செண்பகவல்லி மாலதி பக்கம் திரும்பினாள். “மேலயே ஆக்குங்க, நான் ரெண்டுன்னே சொல்லுதேன். கீழ வாங்க, ஒண்ணுன்னு சொல்லுதேன். எதுன்னாலும் நீ என் தங்கச்சிதான். ஆனா தின்னுறது ஒண்ணு, சொல்லுறது ஒண்ணு, அது மட்டும் வேண்டாம்ட்டி. நான் இன்னொரு வாசல்ல போயி எப்படிக் கேப்பேன்?”

சுடலைக்கண்ணன் பானையை வாங்கிக்கொண்டு மேலே போனான். குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு மாலதியும் போனாள். நயினார் விரித்த பாயைச் சுருட்டினார்.

காலையில் செண்பகவல்லி கிட்டு சாருக்கு ஃபோன் செய்தாள்.

“சார், எங்க வீட்டுக் கணக்கு தப்பா இருக்கலாம்.”

“இருக்கலாமா? தப்புன்னா தப்பு, சரின்னா சரி. இருக்கலாம்னா என்ன அர்த்தம்?”

“ஒரு குடும்பமா ரெண்டான்னு எனக்கே தெரியல சார்.”

“மாட்டுங்கால எங்க அண்ணா மாடில இருக்கார், நான் கீழே இருக்கேன். எனக்கே சில நாள் தெரியறதில்லை” என்றார். “சரி, ஃபர்ஸானாவை மறுபடி அனுப்பறேன். நீங்க எதையும் சொல்லிக் குடுக்காதேங்கோ. அவா வாயால வரட்டும்.”

சாயங்காலம் ஃபர்ஸானா வந்தாள். சுடலைக்கண்ணன் உல்லாஸ்நகரிலிருந்து திரும்பியிருக்கவில்லை. செண்பகவல்லி வாசலுக்குப் போகவில்லை. அடுப்படியில் சுவரைப் பார்த்து நின்றுகொண்டாள். அரிசி இன்னும் களையவில்லை. எத்தனை பேருக்கு என்று தெரியாமல் பாத்திரத்தைக் கையில் வைத்திருந்தாள்.

மேலே தையல் மெஷின் நின்றது. மாலதி இறங்கி வந்து வாசலில் போய் நின்றாள்.

“என்ன கேக்கணும்? என்கிட்டக் கேளு.”

“எத்தன குடும்பம்னு…”

“ஒண்ணு. ஏழு பேரு. காலம்பற நான் ஆக்குதேன், சாயங்காலம் அக்கா. மேல இருக்கற அடுப்பு டீக்கு.”

ஃபர்ஸானா தயங்கினாள். “நேத்து அண்ணன் வேற மாதிரி சொன்னாரே. வந்து சண்ட போட மாட்டாரா?”

“போடட்டும். அவிய டெம்போல போயிருவாவ. சோறு நான்தான ஆக்குதேன், எத்தன பேருக்குன்னு எனக்குத் தெரியாதா?”

உள்ளே செண்பகவல்லி அரிசியை அளந்து பாத்திரத்தில் கொட்டினாள். தண்ணீர் விட்டாள். கொஞ்சம் தரையில் சிந்தியது.

ஃபர்ஸானா பழைய பதிவைத் திருத்திக்கொண்டே கேட்டாள். “குடும்பத் தலைவர் பேரு?”

பட்டறையிலிருந்து அப்போதுதான் வந்து உட்கார்ந்திருந்த நயினார் தொண்டையைச் செருமிக்கொண்டார். அந்தச் சந்தில் எந்த வீட்டில் கேட்டாலும் இதற்கு ஆண் பிள்ளை பெயர்தான் வரும். பெயரைச் சொல்ல அவர் வாயைத் திறந்தார்.

“செண்பகவல்லி” என்றாள் மாலதி.

ஃபர்ஸானா நயினாரைப் பார்த்தாள். வீட்டில் இருப்பவர்கள் யாரைத் தலைவர் என்று சொல்கிறார்களோ அவர்தான் தலைவர், விதி அதுதான். ஆனாலும் பார்த்தாள்.

நயினார் திறந்த வாயை மூடிக்கொண்டு, பிறகு மெல்லச் சிரித்தார். “எழுதும்மா. உள்ளதத்தான சொல்லுதா.”

“வயசு?” என்று ஃபர்ஸானா அடுப்படிப் பக்கம் குரல் கொடுத்தாள்.

எத்தனையோ வீட்டு வாசலில் செண்பகவல்லி கேட்ட கேள்விதான். அரிசிப் பாத்திரத்தின் மேல் குனிந்து நின்றாள். மாலதிதான் அதையும் சொன்னாள்.